மண்ணிற நூலில் ஒரு ஆறு

கனடாவில், டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தின் கீழ் ஹோலில் ஒரு பெரிய உலகப்படம் இருக்கிறது. முதியோர் சங்கம் ஒட்டியது. எனக்கு வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள்தான் இதைப் போனில் தட்டுகிறாள், நடுவில் சிரிக்கிறாள். ஆனால் அந்தப் படத்தில் எது எங்கே என்று நான் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன்.

சித்திரையில் சங்கத் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. அவரவர் தங்கள் ஊர் ஆற்றை நீல ரிபனால் படத்தில் குத்த வேண்டுமாம். தலைவர் யாழ்ப்பாணத்தார், ஓய்வு பெற்ற எஞ்சினியர், வீடு மில்லிக்கனில். இங்கே குடியிருக்காத மனிதர் எங்களுக்கு எப்படித் தலைவரானார் என்று கேட்காதீர்கள். காரும் கோட்டும் உள்ளவரைத் தலைவராக்குவது எங்கள் ஆட்களின் வழக்கம். சிவப்பு லைற் அடிக்கும் பேனா ஒன்றும் வைத்திருக்கிறார். தேத்தண்ணிக்குச் சீனி எங்கே என்பதையும் அதை அடித்துத்தான் காட்டுவார்.

என் எதிர்க்கதவு மனிசி கானாவின் வடக்கைச் சேர்ந்தவள். எங்கள் இருவரின் இங்கிலீஷையும் சேர்த்தாலும் ஒரு பாண் வாங்கக் காணாது. இருந்தும் லோண்ட்ரி அறையில் மணிக்கணக்காய்க் கதைப்போம். ஒருநாள் மெஷின் மூடியில் சோப்புத்தூளைக் கொட்டித் தன் ஆற்றை வரைந்து காட்டினாள். பெயர் சிவப்பு வோல்ட்டா. புர்கினா பாசோவில் தொடங்கி, கானாவுக்குள் இறங்கி, வெள்ளை வோல்ட்டாவில் போய்ச் சேருமாம். அவள் பக்கம் வருடத்துக்கு ஒரே மழைக்காலம். ஆனியில் தண்ணீர் வரும். ஆவணிக்கு இரண்டு கையையும் அகல விரித்தாள்: கரைத் தோட்டமெல்லாம் மூழ்கும். பிறகு கைகள் ஒடுங்கின. தைக்கு, தூளில் விரலால் நாலைந்து குழிகள்தான்: குட்டைகள். பங்குனியில் அதுவுமில்லை. மணலைத் தோண்டி, ஊறும்வரை காத்திருந்து, சுரைக்குடுவையால் அள்ள வேண்டும். அந்தக் காத்திருப்பை அவள் நடித்துக் காட்டி முடிப்பதற்குள் என் உடுப்புகள் காய்ந்துவிட்டன.

ஆற்றங்கரையில் இருக்கும் தமக்கைக்கு அவள் போனில் சொல்லியிருந்தாள்: கனடாச் சுவரில் நம்முடைய ஆறு வரும், படம் அனுப்புகிறேன் என்று. அதற்காகவே சனிக்கிழமைச் சங்கக் கூட்டத்துக்கு, தேவாலயத்துக்குப் போகும் சட்டையோடு வந்து ரிபனுக்குக் கை நீட்டினாள்.

தலைவர் அவளிடம் ஜனவரியில் தண்ணீர் ஓடுமா என்று கேட்டார். "நோ" என்றாள். ரிபனைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஓடாட்டி அது ஆறில்லை அன்ரி, வாய்க்கால். உதையெல்லாம் படத்தில குத்தேலாது."

அவள் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, உந்த இலங்கையின்ர தலையில நீலமாய்க் குத்தியிருக்கிறியளே, உது என்ன?"

"எங்கட வழுக்கையாறு!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

யாழ்ப்பாணத்தாருக்கு ஆறு என்று சொல்ல உள்ளது அது ஒன்றுதான். அதனால் அதன்மேல் எங்கள் ஆட்களுக்கு ஒரு மயக்கம். மழை விட்டுக் கொஞ்ச நாளில் அது வற்றிப்போவது விமானம் ஏறியதும் மறந்துவிடும்.

"இப்ப சித்திரை. வழுக்கையாத்தில என்ன ஓடுது?"

"ஆடு ஓடும்!" என்றார் பின்கதிரையில் இருந்த கிழவர்.

"பந்துக்குப் பின்னால பெடியளும் ஓடுவாங்கள்!" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

ஹோல் முழுக்கச் சிரிப்பு. தலைவரின் லைற் கூரையில் அலைந்தது.

"அது... சீசனல் ரிவர், அன்ரி."

"ஓம், எங்கட எண்டால் சீசனல் ரிவர். உவவின்ர எண்டால் வாய்க்காலோ?"

தன் காணியையே உறுதி எழுதிக் கொடுப்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டு ரிபனைக் கொடுத்தார். அவள் வாங்கினாள், ஆனால் குத்தவில்லை. கைப்பைக்குள் வைத்துவிட்டு, நான் தொப்பி பின்னிக்கொண்டிருந்த மண்ணிற நூலில் ஒரு துண்டு கேட்டாள். புர்கினா பாசோவிலிருந்து கீழே கானாவுக்குள் அதை வளைத்துக் குத்தினாள்.

"நவ், சாண்ட்," என்றாள். "ஜூன், புளூ."

நான்தான் படம் எடுத்தேன். என் விரலும் ஒரு மூலையில் விழுந்திருக்கிறது. பரவாயில்லை, தமக்கைக்கு ஆறு தெரிந்ததாம்.

ஆனியில் சொன்னபடியே நூலைக் கழற்றி ரிபனைக் குத்தினாள். கழற்றிய நூலை வீணாக்க மனம் வரவில்லை. நகமளவு வெட்டி வழுக்கையாற்றில் நான் குத்திவிட்டேன். தலைவர் சனிக்கிழமைகளில் அதன்மேல் லைற்றை அடிக்கிறார், தொண்டையைச் செருமுகிறார், பிறகு லைற்றைச் சீனிப் பக்கம் திருப்பிவிடுகிறார். அவருடைய நீல ரிபன் என் பைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஊரில் மாரி மழை தொடங்கட்டும், திருப்பிக் குத்துகிறேன்.