சுயாக்கில் ஒரு விரத ஞாயிறு

மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் எங்கள் ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு தகர டப்பா திறக்கும். திறந்த மறுகணம் தைம் தழையும் பூண்டும் தக்காளியும் கடலும் கலந்த ஒரு மணம் எழுந்து வந்து என் மூக்கைப் பிடித்து இழுக்கும். டப்பாவுக்குள் இரண்டாகப் பிளந்த ரொட்டி, அதன் நடுவே ஊதாவும் சிவப்புமாக எண்ணெயில் மினுங்கும் கறித்துண்டுகள். எட்டுக் கால் உள்ள பேய்க்கணவாயை எங்கள் தீவில் "ஊரித்" என்போம். டப்பா ஜினேத்துடையது. நாக்கு என்னுடையது, ஆனால் அது என் பேச்சைக் கேட்பதில்லை.

ஜினேத்தின் ஊர் தெற்குக் கரையிலுள்ள சுயாக். படிப்புக்காகத் தீவின் தலைநகரான போர்ட் லூயிஸில், எங்கள் டிராங்கெபார் தெருவில் தையல் வேலை செய்துவந்த அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். மாதத்துக்கு ஒரு முறை சனிக்கிழமை ரயிலேறிப் போய்ப் பெற்றோரைப் பார்த்துவிட்டு வருவாள். திரும்பி வரும்போது கொண்டுவருவதுதான் அந்த டப்பா. அவளுடைய அம்மா கடல் வற்றும் நேரத்தில் 'பார்' எனும் பவளப்பாறைத் திட்டில் நடந்து, நுனி வளைந்த இரும்புக் கம்பியால் ஊரித்தைக் குத்தி எடுப்பவர். "டப்பாவுல வர்றது ஆறிப்போனது தேவா, அது ஒண்ணுமே இல்ல. அடுப்புல இருந்து இறக்கின உடனே தின்னணும்," என்று ஜினேத் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பாடம் மறந்துபோகும். தெய்வானை என்ற என் பெயர் கிரியோல் வாய்களில் தேவாவாகிப் பல வருடம் ஆகியிருந்தது. நாங்களும் வீட்டில் தீவின் பொதுப் பேச்சான கிரியோல்தான் பேசினோம். அம்மா மட்டும் பூசை அறையிலும் கோபம் வந்தபோதும் தமிழுக்குத் திரும்பிவிடுவாள்.

அந்த வருடம் எனக்குப் பன்னிரண்டு வயது. புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் கோவிந்தன் விரதம்; மாதம் முழுக்க மீன், முட்டை, கறி எதுவும் வாசலைத் தாண்டாது. பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் இருந்தால் போதும் என்று அம்மா விட்டுவைத்திருந்தாள். அதற்கு முந்தைய வருடம் முழு மாதமும் இருக்கப்போவதாக மார்தட்டிய அண்ணன் ஒன்பதாம் நாள் சந்தைக்குப் பின்னால் பொரித்த மீனோடு பிடிபட்டான். "உன்னால மூணு நாள்கூட முடியாது, சாப்பாட்டு மூட்டை," என்று அவன் என்னைச் சீண்டியதில் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முப்பது நாளும் இருப்பேன் என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடாமல் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். டீச்சரிடம்கூட.

மூன்றாவது வாரத்தில் ஜினேத்தின் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். வரும் ஞாயிறு சுயாக்குக்குப் போய் அன்றே திரும்பப் போவதாகவும், என்னையும் அனுப்பினால் பிள்ளைகள் இரண்டும் கடலைப் பார்த்து வருமே என்றும் கேட்டார். அம்மா என்னைத் தெருமுனைக்குக்கூடத் தனியாக அனுப்பாதவள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். "விரதத்துல இருக்கிற பிள்ளை. எங்க போனாலும் கோவிந்தன் கூடப் போவான்," என்று சொல்லி அவள் சம்மதித்ததும் எனக்கு ஒரு பக்கம் குதிக்கத் தோன்றியது, மறுபக்கம் அழத் தோன்றியது. விரதம் இருப்பதால்தான் பயணம். பயணம் போகிற இடத்திலோ அடுப்பிலிருந்து இறக்கிய ஊரித். துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்கும் அப்பாவுக்கு இந்தச் சிக்கல் எதுவும் தெரியாது. "ஞாயித்துக்கிழமையிலயும் கடலைப் பார்க்க ஆசைப்படுற ஆளை இப்பதான் பார்க்கிறேன்," என்றார்.

மூன்று ராத்திரி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். சாப்பிட்டுவிடுவது. கோவிந்தன் எங்கள் தெருக் கோயிலில் இருப்பவர், சுயாக் வரைக்கும் அவருக்குப் பார்வை எட்டாது; எட்டினாலும் ஒரு துண்டு, அதிகம் போனால் இரண்டு, அதற்குப் போய்க் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாய் நாற்றம் போக நான்கு எலுமிச்சை இலைகளைக் கைக்குட்டையில் முடிந்து வைத்தேன். அம்மா வழிக்குக் கட்டிக்கொடுத்த புளிச்சோறும், நாங்கள் "காத்தோ பிமா" என்று சொல்லும் பருப்பு வடையும் இடைஞ்சலாக இருந்தன. மதியத்துக்கு அவை மிஞ்சினால், "உன் சாப்பாடுதான் இருக்கே" என்று யாராவது சொல்லிவிடக் கூடும் அல்லவா? ரயில் கிளம்பியதிலிருந்து ஜினேத்துக்கும் அத்தைக்கும் எதிர் பெஞ்சிலிருந்த ஒரு கிழவருக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தேன். "எவ்வளவு பெரிய மனசு இந்தப் பிள்ளைக்கு!" என்றார் அத்தை. நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த ரயில் பயணத்தின் சுகத்தை இன்றைக்கு யாருக்குச் சொல்லி விளங்க வைப்பது? போர்ட் லூயிஸின் வெக்கையில் கிளம்பிய வண்டி இரைத்துக்கொண்டே மேட்டில் ஏறி, குர்பீப்பில் பனிமூட்டத்துக்குள் நுழையும்போது எங்கள் பல் கிடுகிடுத்தது. அங்கிருந்து இறங்கத் தொடங்கியதும் இரண்டு பக்கமும் கரும்பு, பாதி வெட்டியும் பாதி நின்றும், ஆலைப் புகைபோக்கிகளிலிருந்து பாகு காய்கிற வாசனை. ரோஸ் பெல்லில் இறங்கி வேறு வண்டி மாறினோம். ஜன்னல் ஓரத்தை ஜினேத் எனக்கு விட்டுக்கொடுத்து, ஒவ்வொரு நிறுத்தம் வருவதற்கு முன்பும் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். என் கண்ணில் கரித்தூள் விழுந்தது. அதையும் அவள்தான் ஊதி எடுத்தாள்.

சுயாக்கில் அவர்கள் வீடு தகரக் கூரை போட்ட இரண்டே அறை. அவளுடைய அம்மாவை நான் "தாந்தீன்" என்று அழைத்தேன். வயதில் மூத்த பெண்களை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம். "வா, மோ தீஃபி, வா என் பொண்ணு," என்று என்னை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். அவரிடமிருந்து சோப்பு வாசனை வந்ததே தவிரக் கறி வாசனை வரவில்லை. கொல்லையில் ஊரித் காயப்போடுகிற கயிறு வெறுமையாகத் தொங்கியது. எல்லாவற்றையும் சட்டியில் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். சமையல் தடுக்குக்குப் பின்னால் எட்டிப் பார்க்கப் போன என்னைத் தாந்தீன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். "இங்க உனக்கு என்ன வேலை? போய்க் கடலைப் பாருங்க. மத்தியானத்துக்கு முன்னால வீட்டுப் பக்கம் வந்தா கால் உடையும்."

நான் கடலைப் பார்க்காதவள் அல்ல. ஆனால் எனக்குத் தெரிந்தது துறைமுகக் கடல். கம்பி வேலிக்கு அப்பால், எண்ணெய் படிந்து, கப்பல்களுக்கு நடுவே அசையாமல் கிடப்பது. க்ரி-க்ரி முனையில் கறுப்புப் பாறை விளிம்புக்கு ஜினேத் என்னைக் கூட்டிப்போனபோது பாறையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தீவைச் சுற்றிலும் அலையைத் தடுத்து நிற்கும் பவளப்பார் அங்கே மட்டும் கிடையாது. நேராகத் தென்துருவத்திலிருந்து வருகிறதோ என்னவோ, அலை வந்து பாறையில் மோதி எங்கள் தலைக்கு மேலே எழும்பிச் சிதறியது. உடம்பெல்லாம் உப்பு. நான் கத்தினேன், அவளும் கத்தினாள். யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததும் இன்னும் பலமாகக் கத்தினோம். எனக்குத் தெரிந்த தமிழ் வசவுகள் எல்லாவற்றையும் அந்தக் கடலைப் பார்த்துச் சொல்லித் தீர்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

பிறகு பார் இருக்கிற பக்கமாக, முழங்கால் அளவுத் தண்ணீருக்கு வந்தோம். ஜினேத் கையில் அம்மாவின் கம்பி. பழைய சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டு, எங்கே மிதிக்கலாம், எங்கே முள்ளிருக்கும் என்று காட்டியபடி முன்னால் நடந்தாள். திடீரென்று நின்று உதட்டில் விரல் வைத்தாள். ஒரு பொந்து வாசலில், கல் என்று நான் நினைத்திருந்த ஒன்று கண்ணைத் திறந்தது. ஜினேத் கம்பி நுனியால் மெல்லத் தொட்டதும் அது கருஞ்சிவப்பாக மாறி, ஒரு காலை நீட்டிக் கம்பியைச் சுற்றிப் பிடித்தது. எவ்வளவு பெரிய ஊரித்! என் கண்ணுக்கு அது அப்போதே தக்காளிக் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"பிடி! பிடி ஜினேத், விடாதே!" என்று அலறினேன்.

அவள் திரும்பி ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கம்பியை மெதுவாக உருவிக்கொண்டாள். ஊரித் தண்ணீரில் மையைக் கொட்டிவிட்டுப் பொந்துக்குள் மறைந்தது.

"இன்னிக்கு எங்க வீட்டுல கரேம்," என்றாள். கரேம் என்றால் விரதம். "உனக்குக் கரேம்னு முன்னாடியே அத்தையைக் கடுதாசி போடச் சொன்னேன். அம்மா ரெண்டு நாளா கடலுக்கே போகல. யாரும் மீன் தொடக்கூடாதுன்னு அப்பாகிட்டயும் சொல்லியாச்சு."

நான் தண்ணீருக்குள்ளேயே நின்றேன். முதலில் வந்தது வெட்கமல்ல, ஏமாற்றம்தான். பொய் சொல்ல மாட்டேன். வெட்கம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்தது, ஆனால் வந்த பிறகு போகவில்லை. கைக்குட்டையிலிருந்த எலுமிச்சை இலைகளை அவள் பார்க்காதபோது கடலில் போட்டேன்.

மத்தியானம் தரையில் வாழையிலை போட்டிருந்தார்கள். தன் சட்டிகளில் மீன் பட்டிருக்கும் என்று தாந்தீன் இரண்டு வீடு தள்ளியிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்திடம் சட்டியும் கரண்டியும் இரவல் வாங்கியிருந்தார். பலாக்காய்க் கறி, பருப்பு, முருங்கைக்கீரை, தேங்காய்ச் சட்னி. கடலோடும் மீனோடும் பிழைக்கிற வீட்டில், வாரம் முழுக்கக் காத்திருந்து வருகிற ஞாயிற்றுக்கிழமையில், ஜினேத்தின் அப்பாவும் மலைபோன்ற அவளுடைய அண்ணன்கள் இருவரும் முருங்கைக்கீரையை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "இந்தப் புல்லைத் தின்னுட்டு நாளைக்குப் படகு தள்ளணுமா?" என்று மூத்தவன் கேட்டான். "ஒரு நாள் ஆடா இரு, ஒண்ணும் குறையாது," என்றார் அப்பா. தாந்தீன் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "உங்க அம்மா செய்யற மாதிரி இருக்கா? உப்பு சரியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன்; அதற்குள் அவர் இன்னொரு கரண்டி பலாக்காயை வைத்துவிட்டார். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அந்தப் பலாக்காய்க் கறிக்கு ஈடாக ஒன்றை இதுவரை நான் சாப்பிட்டதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜினேத்தின் அப்பா ஆட்டுத்தோல் போர்த்திய "ரவான்" பறையைச் சருகுத் தீயில் காட்டிச் சூடாக்கித் தட்டத் தொடங்கினார். அத்தை பாவாடையை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு எங்கள் தீவின் ஆட்டமான சேகா ஆடினார். தையல் மெஷினுக்கு முன்னால் இடுப்பு வலி என்று புலம்புகிற அத்தையா இது! என்னையும் இழுத்துவிட்டார்கள். விரதத்தில் ஆடக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கவில்லையே. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ கத்தும்வரை ஆடினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டே?" வரிசையாகச் சொன்னேன். நம்பாமல், "எந்தச் சட்டியில?" என்றாள். இரவல் சட்டி என்று சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கே இவ்வளவு தோணியிருக்காதுடி," என்றாள், தமிழில், கோபமில்லாமல்.

முப்பது நாளும் முடித்தேன். அண்ணன் ஒரு வாரம் என் கண்ணில் படாமல் திரிந்தான். வகுப்பில் நான் எழுந்து சொன்னபோது முதலில் கைதட்டியவள் ஜினேத். அடுத்த முறை ஊருக்குப் போய் வந்தவள் டப்பாவை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டாள். ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் தின்றேன்.

பல வருடங்கள் கழிந்தன. சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரில் ஒரு பாதி கொண்டாடிக்கொண்டிருக்க, மறுபாதி பெட்டி கட்டிக்கொண்டிருந்த சமயம், ஜினேத் கணவனோடும் இரண்டு குழந்தைகளோடும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினாள். வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போனேன். இனி எப்போது பார்ப்போமோ என்ற பயத்தில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: நான் வந்ததே ஊரித் தின்னத்தான், விரதத்தை முறிக்கத் தயாராகத்தான் வந்தேன் என்று.

"தெரியுமே," என்றாள். "பிடி பிடின்னு நீ கத்தினப்பவே உன் மூஞ்சியில எல்லாம் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏண்டி விட்டே?"

"பிடிச்சிருந்தா நீ தின்னிருப்பே. அப்புறம் வீட்டுக்குப் போய் அழுதிருப்பே. முப்பது நாள்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தியே, தேவா."

இன்று சுயாக்குக்குப் போக ரயில் இல்லை. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து எத்தனையோ காலமாகிறது. ஜினேத்தின் வீடு நின்ற இடத்தில் சுற்றுலாப் பேருந்துகள் நிற்கின்றன. பாரில் கம்பியோடு நடக்கிற பெண்களை நான் போன தடவை பார்க்கவில்லை. தாந்தீனும் இல்லை, அம்மாவும் இல்லை. புரட்டாசி விரதத்தை மட்டும் நான் இன்றுவரை விடவில்லை. மாதம் முடிகிற அன்று விளக்கேற்றி வைத்துச் சாமியிடம் ஒவ்வொரு வருடமும் ஒன்றைச் சொல்கிறேன்: அந்த முதல் வருடத்து முப்பது நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விரதம் நான் இருக்கவில்லை, கோவிந்தா, எனக்காக ஜினேத் இருந்தாள்.