கம்பி இழுக்க வந்தவர்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு இன்டர்நெட், ஜன்னலில் வைத்த சிம் ரூட்டரில்தான் ஓடியது. மழை இருட்டினால் கனடாவில் இருக்கும் மகளின் முகம் பாதிக் கதையில் உறைந்துவிடும். அதனால் கம்பி இணைப்புக் கேட்டோம்.

கம்பி இழுக்க வந்தவர் மலையகத்துக்காரர். மெலிந்த உடம்பு, தோளில் கறுப்புக் கம்பிச் சுருள். வேலை முடிந்ததும் மகளுக்கு வீடியோ கோல் எடுத்துப் பார்க்கச் சொன்னார். நாங்கள் கதைத்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்.

“தம்பி, கம்பியைப் பாக்கிறீரோ, என்ர மகளைப் பாக்கிறீரோ? அவளுக்கு மூண்டு பிள்ளையள்!” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

“எல்லா வீட்லயும் இப்படித்தான் நிப்பேன், பாட்டி. எங்க தேயிலைத் தோட்டத்துக்குக் கம்பி வரல. மேட்டுல ஏறினாத்தான் அம்மாவுக்கு சிக்னல். ஒருநாள் மழையில பேசிக்கிட்டு இருக்கிறப்பவே கட்டாச்சு. சிக்னல் போயிருச்சுன்னு நெனச்சு வேலையப் பாத்தேன். அம்மா வழுக்கி விழுந்திருந்திச்சு. சாயங்காலம்தான் ஆளுங்க கண்டாங்க. உசுரு இல்ல.”

தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். அடுத்த வீட்டில் காத்திருக்கிறார்கள் என்று போய்விட்டார்.

கம்பி வந்த பிறகு மகளின் முகம் உறைவதில்லை. எப்போதாவது கட்டானால், அவள் மறுபடி எடுக்கும்வரை விடாமல் ஃபோன் அடிக்கிறேன்.

“சார்ஜ் முடிஞ்சதுக்கே இவ்வளவு பதட்டமா, அம்மா?” என்று சிரிக்கிறாள்.

நானும் சிரித்து வைக்கிறேன்.