கடிதத்தின் அடியில் இரண்டு எழுத்து

முதலாளி அந்தத் தாளை என் முன்னால் போட்டபோது எனக்கு உள்ளூரக் கர்வம்தான். தொண்ணூறுகளின் கடைசி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேக்கிங் ஹாலின் பின்கதவை எப்போதும் பூட்டியே வைக்கிறார்கள், தீப்பிடித்தபோது பெண்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள் என்று எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு யாரோ ஈமெயில் அனுப்பியிருந்தார்கள். பையர் அதை அப்படியே முதலாளிக்குத் தள்ளிவிட்டார்; அதன் பிரிண்ட்தான் அந்தத் தாள்.

அந்த யாரோ, எங்கள் டைப்பிஸ்ட் எஸ். ஜெயசீலி. தீயில் கை வெந்தது அவள் தங்கைக்கு. அனுப்ப வழி செய்து கொடுத்தவன் நான்.

வெளிநாட்டில் புனைபெயர் சர்வர் ஒன்று இருந்தது. நம் மெயில் அங்கே போனதும், அதன் தலையில் இருக்கும் ஹெடரில் உள்ள பெயர், முகவரி, எந்த மெஷினிலிருந்து வந்தது என்ற விவரம் எல்லாவற்றையும் உரித்துவிட்டு, நாம் வைத்துக்கொண்ட புனைபெயரில் அனுப்பும். அந்தப் பெயருக்கு பதில் வந்தால் நமக்குத் திருப்பிவிடும். எனக்கே இரண்டு முறை அனுப்பிச் சோதித்தேன். சுத்தமாக இருந்தது.

"அண்ணாச்சி, ஒரு தடவ வாசிச்சுப் பாத்துருங்களேன்" என்றாள் ஜெயசீலி, அனுப்புவதற்கு முன். அடுத்தவர் கடிதத்தை நான் படிப்பதில்லை என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன்.

"யாருன்னு கண்டுபிடிக்க ஏலுமா?" என்று முதலாளி கேட்டார். ஹெடரைக் காட்டி, இதில் ஒன்றுமே இல்லை, சர்வர்க்காரனும் சொல்லமாட்டான் என்றேன்.

பக்கத்தில் நின்ற மானேஜர் தாளை வாங்கினார். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்.

"மேலயே என்னத்தப் பாக்கீரு? அடியில பாரும்."

இடது ஓரத்தில், சின்ன எழுத்தில் எஸ்.ஜே. எங்கள் ஆபீஸிலிருந்து போகும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் டைப் அடித்தவர் இனிஷியலைப் போட வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டிலேயே அதைப் பழக்கிவிடுவார்கள். பதினோரு வருஷம் அடித்த விரல், அன்றும் அவளைக் கேட்காமலே அடித்துவிட்டது.

அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். அவள் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே மனு அடித்துக் கொடுத்துப் பிழைத்தாள். பின்கதவில் பூட்டு அப்படியே தொங்கியது.

சர்வர் உறையில் இருப்பதைத்தான் மறைக்கும். உள்ளே எழுதியவரின் கைப்பழக்கத்தை மறைக்காது. இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏற அவள் வேலை போக வேண்டியிருந்தது. இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து முதலாளி கூப்பிட்டார். போட்டிக் கம்பெனியைப் பற்றி அதே பையருக்கு எழுத அவருக்கும் ஒரு புனைபெயர் வேண்டுமாம். செய்து கொடுத்தேன். அந்தக் கடிதத்தை மட்டும், அனுப்புவதற்கு முன் கடைசி வரி வரை வாசித்துப் பார்த்தேன்.