பஞ்சம்மாளின் ஒத்தைக் கை நாய்

நாய்க்குப் பேர்போன கோம்பையில் அது இல்லாத வீடு குறைவு. ஆனால் பஞ்சம்மாள் நாய் வாங்கியது பெருமைக்காக இல்லை. எழுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில், கொட்டத்தில் கட்டியிருந்த ரெண்டு ஆட்டையும் எவனோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். புருஷன் மலைச்சாமி கேரளா மலையில் ஏலத்தோட்டத்து மேஸ்திரி. பதினைந்து நாளைக்கு ஒருதரம் சனிக்கிழமை இறங்கி வருவார். திங்கட்கிழமை காலையில் கம்பமெட்டு ஜீப்பைப் பிடிக்க ஓடிவிடுவார். பிள்ளைகுட்டி இல்லை. நடுவில் வீட்டில் அவள் ஒருத்திதான்.

அவள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. காவலுக்கு வளர்க்கிற குட்டிக்கு ஓர் ஆள் மட்டும்தான் சோறு வைக்கணும். கண்டவன் கையில் தின்று பழகினால் திருடன் போடும் கறித்துண்டுக்கும் வாலாட்டும் என்பார்கள். ஒத்தைக் கை நாய் என்று அதற்குப் பெயர். பஞ்சம்மாள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. செவலை நிறத்தில், மூஞ்சியில் மட்டும் கரி பூசினது மாதிரி ஒரு பெட்டைக் குட்டியை வாங்கி, செவலை என்றே பெயரும் வைத்து, கம்மங்கூழைத் தன் கையாலேயே ஊட்டினாள். பக்கத்து வீட்டு மாயக்காள் ஒரு கருவாட்டுத் தலையை நீட்டியதற்குச் சண்டைக்குப் போனாள். மழையில் நடுங்குகிறதே என்று கட்டிலில் கால்மாட்டில் படுக்க விட்டாள். மழை நின்ற பிறகும் அது இறங்கவில்லை. அவளும் இறக்கவில்லை.

குட்டி வளர்ந்து நாயானபோது மலைச்சாமி சொந்த வீட்டில் விருந்தாளி ஆகிவிட்டார். செவலை அவரை வாசலில் நுழைய விட்டது, உட்காரவும் விட்டது. அவர் பஞ்சம்மாள் பக்கத்தில் போனால் மட்டும் நடுவில் வந்து நின்று பல்லைக் காட்டும். "வேணாம்டி செவலை, அவுக நம்ம வீட்டு ஆளுடி" என்று அவள் தடவிக்கொடுப்பாள். உறுமல் கூடத்தான் செய்யும். மாயக்காளுக்கு இது நல்ல வேடிக்கை. "ஏத்தா, அண்ணனுக்கு எங்க வீட்டுக்காரரு பக்கத்துல ஒரு பாய் போடவா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள்.

எழுபத்துநாலு சித்திரையில் ஒரு சனிக்கிழமை, பஞ்சம்மாள் நீட்டிய காப்பித் தம்ளரை மலைச்சாமி வாங்கப் போனார். செவலை பாய்ந்தது. கை தப்பியது, வேட்டி கிழிந்தது.

"கையில பட்டிருந்தா தொப்புளச் சுத்தி பதினாலு ஊசி" என்றார். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "வீரபாண்டித் திருவிழாவுக்கு ஒரு வாரம் லீவு கேட்டிருக்கேன். அப்பவும் இப்பிடியே இருந்துச்சுன்னா, போகையில ஜீப்புல ஏத்திட்டுப் போயிருவேன். ஏலக்கா காயவைக்கிற ஸ்டோருக்கு நாய் வேணும்னு மொதலாளி கேட்டுக்கிட்டே இருக்காக. அங்கன சங்கிலியில கெடக்கட்டும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. என்றாலும் செவலையை அனுப்ப அவளுக்கு மனசில்லை.

மறுநாள் குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே மலைச்சாமி கட்டிலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். செவலை அவர் காலுக்கு ரெண்டு முழம் தள்ளிப் படுத்திருந்தது. சத்தமே இல்லை. அவள் குடத்தை இறக்கிவிட்டு அவர் அருகே போனதுதான் தாமதம், உறுமல் கிளம்பிவிட்டது. நான் இல்லாவிட்டால் சும்மா கிடக்கிறது, நான் வந்தால்தான் எல்லாக் கூத்தும் என்று புரிந்தது. தான் தடவியதெல்லாம் நல்லா உறுமு என்று தட்டிக்கொடுத்த மாதிரி ஆகியிருக்கிறது. பஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் மலையேறியதும் வேலையை ஆரம்பித்தாள். முதலில் செவலையைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் சாக்கு விரித்தாள். மூணு நாள் முனகிவிட்டு நாலாம் நாள் அதில் படுத்தது. பிறகு மாயக்காளிடம் போய், "அக்கா, தெனமும் ஒரு வேளை நீங்க கூழ் வைங்க" என்றாள். கருவாட்டுத் தலைக்குச் சண்டை போட்ட வாய்தானே இது என்று கேட்டுவிட்டுத்தான் மாயக்காள் கூழ்ச் சட்டியைத் தொட்டாள்.

திருவிழா வாரத்தில் சட்டி மலைச்சாமி கைக்குப் போனது. முதல் நாள் செவலை பட்டினி கிடந்தது. பஞ்சம்மாளுக்கு மனசு அடித்துக்கொண்டாலும் சட்டியைத் தொடவில்லை. மறுநாள் சாயங்காலம் அவர் கையால் தின்றது. அவர் அருகே அவள் உட்காரும்போது உறுமினால், திட்டவும் இல்லை, தடவவும் இல்லை. எழுந்து வெளியே போய்விடுவாள். சும்மா இருந்தால் இருப்பாள். நாய்க்கு இது விளங்க ஐந்து நாள் ஆனது. ஆறாம் நாள், வீரபாண்டியில் வாங்கிவந்த பொரியை ரெண்டு பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து தின்றார்கள். செவலை அவர் காலடியில் படுத்திருந்தது. அவர் அதன் காதைச் சொறிந்து, "நல்ல கழுதைதான்" என்று சிரித்தார்.

பஞ்சம்மாளுக்கு நிம்மதிதான். ஆனால் கூடவே ஒரு வருத்தமும் இருந்தது. தன்னை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று ஒரு ஜீவன் சண்டை போட்டதில் உள்ளூர அவளுக்குச் சந்தோஷம். அதைத் தன் கையாலேயே மாற்றிவிட்டாள்.

திங்கட்கிழமை மலைச்சாமி தனியாகத்தான் கிளம்பினார். செவலை ஜீப்புக்குப் பின்னால் ஊர் எல்லை வரை ஓடிவிட்டுத் திரும்பி, ரோட்டைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. மத்தியானம் கூழ் வைத்தாள். தொடவில்லை. சாயங்காலமும் தொடவில்லை. அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"சாப்பிடுடி. அவுக வர பதினஞ்சு நாளு ஆகும். எனக்கு ஒம்போது வருசமா இதேதான். தெனமும் தின்னுட்டுத்தான் இருக்கேன்."

கல்யாணமான இந்த ஒன்பது வருஷத்தில் அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.