செல்வராஜின் கடைசி ஒன்பது ரன்

அபுதாபியின் ருவைஸில் எங்கள் கிரிக்கெட் லீக்கின் விதிகளை எழுதியவர் அப்பா. சீசன் தொடங்கிய பின் பட்டியலில் பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பது அதில் ஒன்று. பட்டியலில் இருப்பவர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று அதில் இல்லை. தொழிலாளர் கேம்ப்பில் தூக்கத்திலேயே இறந்து, பெட்டியில் ஊருக்குப் போன செல்வராஜுக்கு லீக் சாதனையை முந்த இன்னும் ஒன்பது ரன்தான் பாக்கி.

ஆகவே, விதிக்குப் பங்கம் வராமல், என் சித்தப்பா செல்வராஜாக ஆடினார். செல்வராஜின் கட்டில் காலியான பிறகு கேம்ப்புக்கு வந்தவர் அவர். சைட்டுக்குப் போய்வந்ததும் செல்வராஜின் பாஸில்தான்.

எனக்குப் பத்து வயது. கையெழுத்து திருத்தமாக இருந்ததால் ஸ்கோர் புத்தகம் என்னிடம் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை, வலக்கைக்காரரான சித்தப்பா இடக்கை ஆட்டக்காரராக வந்து நின்றார். ஒவ்வொரு பந்துக்கும் முன் மட்டையை மூன்று முறை தரையில் தட்டினார். இரண்டுமே செல்வராஜின் வழக்கம். சித்தப்பாவோ செல்வராஜைப் பார்த்ததே இல்லை.

"செல்வா, தூக்கி அடிறா!" என்று கேம்ப் ஆட்கள் கிண்டலாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது ரன்னுக்குப் பிறகு ஒருவரும் கத்தவில்லை.

எட்டு ரன் எடுத்திருந்தபோது தண்ணீர் குடிக்க வந்தார்.

"ஆத்தா, இனி எடுக்குற ஒத்த ரன்ன மட்டும் என் பேருல எழுதுறியா?"

"முடியாது சித்தப்பா. உங்க பேரு லிஸ்ட்லயே இல்ல."

"எந்த லிஸ்ட்லதான் இருக்கு?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த பந்தில் ஒரு ரன். அதுவே வெற்றி ரன்னும். அப்பா அவரை அவருடைய பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார். திரும்பவில்லை. விளையாட்டாக நான், "செல்வராஜ்!" என்றேன். உடனே திரும்பினார்.

அந்த மாதமே கேம்ப்பில் போலீஸ் செக்கிங். பெயர் கேட்டதற்கு "செல்வராஜ்" என்றாராம். அந்தப் பெயரில் விசா ரத்தாகியிருந்தது; உடலை அனுப்பிய தாள்களும் முறையாக இருந்தன. பிடித்துக்கொண்டு போன சித்தப்பாவைப் பற்றி அதன்பின் தகவல் இல்லை. அப்பா எழுதாத விண்ணப்பம் இல்லை. போன இடத்திலெல்லாம் எந்தப் பெயரில் தேடுகிறீர்கள் என்று கேட்டார்கள்.

விசா கொடுத்த முதலாளியான பழைய கஃபீலிடமிருந்து ஓடிவந்தவருக்கு அந்த நாட்டில் பெயரே கிடையாது என்பதோ, அன்று அதை எழுதியிருக்கக்கூடிய ஒரே பென்சில் என் கையில் இருந்தது என்பதோ எனக்கு அப்போது தெரியாது. விதியைக் காப்பாற்றினேன் என்று ஆட்டம் முடிந்த அன்று அப்பா சாக்லேட் வாங்கித் தந்தார்.

புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எழுத்து திருத்தமாகவே இருக்கிறது: செல்வராஜ், ஒன்பது, நாட் அவுட்.