தலை முதல் வால் வரை

ஈரப் புல்லில் இரண்டு முழங்காலையும் ஊன்றி, "ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா, பெரியப்பா?" என்று கேட்கிறார் ரெஸ்டிடூட்டா. பெரியப்பா அத்திமரக் கிளையில் உட்கார்ந்து, கறுப்பு உடம்பில் வெள்ளைச் சால்வை மாதிரி முடி தொங்க, வயிற்றைச் சொறிந்துகொண்டிருக்கிறார். பதில் வரும்வரை கேமரா கழுத்தை விட்டு இறங்காது. பதில் ஓர் ஏப்பமாக இருக்கலாம். மேலிருந்து விழும் வேறொன்றாகவும் இருக்கலாம். எதுவானாலும், "அப்போ வீட்டுல எல்லாரும் சௌக்கியம்" என்று முடித்துவிட்டுத்தான் படம் எடுக்க ஆரம்பிப்பார்.

என்டெபே தாவரவியல் பூங்காவில் காலை நடை போகிறவர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். ரெஸ்டிடூட்டாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவர் என்பதால் ஊருக்கு அவர் நாலோங்கோ. பிறந்தது கொலபஸ் குரங்கைக் குலச்சின்னமாகக் கொண்ட குலத்தில். அந்தக் குலத்தார் கொலபஸைத் தின்னக் கூடாது. பெரியவர்களைக் கண்டால் பெண்கள் மண்டியிட்டு நலம் விசாரிக்க வேண்டும் என்பது எல்லாக் குலத்துக்கும் பொது. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது மட்டும் நாலோங்கோவின் சொந்த ஏற்பாடு. "எங்கக்கா குரங்குக்கு முட்டி போடுது, நான் எப்படி ஊர்ல பொண்ணு கேக்கறது?" என்று அவருடைய தம்பி புலம்பியதுண்டு. தம்பிக்கு இப்போது நாலு பிள்ளைகள்.

வெளிநாட்டுப் போட்டி ஒன்றின் நடுவர், 'மிருகத்தை அண்ணாந்து நோக்கும் புதிய அழகியல்' என்று இவருடைய படங்களைப் பற்றி எழுதினார். வாசித்துக் காட்டியபோது நாலோங்கோ கொஞ்சம் யோசித்தார். "முட்டி போட்டா கேமராவும் கூடத்தானே கீழ வரும்" என்றார்.

இந்த மரியாதை எல்லாக் குரங்குக்கும் கிடையாது. பூங்காவின் சாம்பல் நிற வெர்வெட் குரங்குகளை நின்றபடியே எடுப்பார். "இதுங்க யாரு வீட்டுப் பிள்ளைங்களோ. போன வாரம் நான் தின்னுட்டிருந்த ரோலெக்ஸ் முட்டைச் சுருளைப் பிடுங்கிட்டு, சப்பாத்தியை எறிஞ்சுட்டு, முட்டையை மட்டும் தின்னுட்டுப் போச்சு. வளத்த விதம் அப்படி."

இருபது வருடம் பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை வைத்திருந்தவர். ஓய்வு நேரத்தில் எடுத்த கொலபஸ் படங்களை அயல்நாட்டு நாட்காட்டிக்காரர்கள் பார்த்துவிட்டு, இதுவரை இவரைப் பன்னிரண்டு நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். காட்டுக் குரங்கு, கூண்டுக் குரங்கு, கோவில் குரங்கு எல்லாம் எடுத்தாயிற்று. எந்தக் குரங்கிடமும், "காது தெரியணும், சிரிக்கக் கூடாது" என்று சொல்லும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஜப்பானில் வெந்நீர்ச் சுனையில் கண்மூடிக் கிடந்த குரங்குகளைப் பற்றிக் கேட்டால், "ஓய்வுபெற்ற நீதிபதிங்க. ஒருத்தரும் எழுந்து இடம் கொடுக்கல" என்பார். ஜிப்ரால்டரில் ஒரு குரங்கு இவர் பாஸ்போர்ட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்ததாம். "படத்தைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, திருப்பிக் குடுத்துடுச்சு. விமான நிலையத்துல இருக்கறவன் அவ்வளவு சீக்கிரம் விடமாட்டான்."

எங்களூரில் அரைப் படம் எடுத்தால் சண்டை வரும். புதுச் செருப்பு போட்டு வந்தவருக்குச் செருப்பு விழாத படம் எதற்கு? நாட்காட்டிக்காரர்களுக்கோ குரங்கின் முகம் மட்டும் போதும். வெளியூர்க் குரங்குகளை அவர்கள் கேட்டபடியே நாலோங்கோ எடுத்துக் கொடுப்பார். "அது அவங்க ஊர்க் குரங்கு, அவங்க இஷ்டம்." கொலபஸ் என்றால் முழுப் படம்தான், தலை முதல் வால் வரை.

சென்ற வியாழக்கிழமை அவருடன் ஓர் ஏரிக்கரை விடுதிக்குப் போயிருந்தேன். உரிமையாளர் கெசிரோனி. விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் நாலோங்கோவின் நாற்பது படங்கள் மாட்டியிருக்கின்றன. சொந்த ஊரில் அவருக்குக் கிடைத்திருக்கும் ஒரே சுவர் அதுதான். பின்புறத் தோட்டத்தில் ஒரு கூண்டு. கூண்டில் தனியாக ஒரு கிழ ஆண் கொலபஸ். பெயர் அமைச்சர், ஆறு வருடமாகப் பதவியில் இருக்கிறார். படம் மாட்ட வந்தபோதெல்லாம் நாலோங்கோ முன்வாசலோடு திரும்பியிருக்கிறார். தோட்டத்துப் பக்கம் போனதில்லை.

இந்த முறை போகாமல் முடியாது. அமைச்சரை வைத்துக்கொள்ளும் உரிமத்தைப் புதுப்பிக்க, வனவிலங்கு அலுவலகம் ஒரு படம் கேட்டிருந்தது. படத்தில் குரங்கு நன்றாக வாழ்வதாகத் தெரிந்தால் கூண்டிலேயே இருக்கும். இல்லையென்றால் அக்கரைக் காப்புக்காட்டுக்கு, மற்ற கொலபஸ்களிடம் போகும். போன தடவை கெசிரோனி பூங்காவில் திரிந்த வேறொரு குரங்கின் படத்தை அனுப்பி மாட்டிக்கொண்டார். ஆகவே இம்முறை படத்தை எடுத்தவரே நேரில் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"மூஞ்சி மட்டும் போதும், நாலோங்கோ" என்றார் கெசிரோனி. "ஐரோப்பாவுல ஒரு கூண்டுல எடுத்தீங்களே, காடு மாதிரியே இருந்துச்சே. அதே வித்தைதான்."

வித்தை பெரிதல்ல. லென்ஸைக் கம்பி வலையோடு ஒட்டி வைத்து, அதன் துளையை அகலத் திறந்தால் வலை கரைந்துவிடும். பின்னால் நாலு இலை இருந்தால் காடு. பாதி உலகத்துக் கூண்டுகளை நாலோங்கோ இப்படிக் காடாக்கியிருக்கிறார்.

அன்று அவர் காட்டுக்குப் போடும் சட்டையில் வரவில்லை. தோள்கூர் எடுத்து, இடுப்பில் அகலப் பட்டை முடிச்சிடும் விசேஷ உடுப்பான கோமெசி உடுத்தியிருந்தார். அதோடு சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, "சௌக்கியமா, பெரியப்பா?" என்றார். அமைச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாலில் வெள்ளைக் குஞ்சம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். முடியைத் தானே பிடுங்கிப் போட்டிருந்தார்.

ஐந்து நிமிடம் போயிற்று. கெசிரோனி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அது பதில் சொல்லாம எடுக்க மாட்டீங்களோ?"

"நீங்க வெட்டுக்கிளிக் குலம், உங்களுக்குப் புரியாது. உங்க சொந்தக்காரங்களை நவம்பர் மாசம் வெங்காயம் போட்டு வறுத்துத் தெருவுல விக்கிறாங்க."

"விக்கிறாங்க. நான் வாங்கித் தின்னேனா?" என்று கெசிரோனியும் சிரித்தார்.

சத்தம் கேட்டு அமைச்சர் திரும்பினார். நாலோங்கோ லென்ஸை வலையில் ஒட்டி இரண்டு படம் எடுத்தார். திரையில் முகம், பின்னால் பச்சை. அசல் காடு.

"இதுதான். முடிஞ்சுது" என்றார் கெசிரோனி.

நாலோங்கோ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இதுல வால் இல்ல."

"வால் எதுக்கு? அதுல ஒரு முடி கிடையாது."

"எங்க ஆளை நான் பாதியா எடுத்ததில்ல, ஐயா."

எழுந்து பின்னால் நடந்தார். நாலடி போதவில்லை. செம்பருத்தி வேலியில் முதுகு முட்டிய பிறகுதான் வால் முழுதாகச் சட்டத்துக்குள் வந்தது. வாலோடு கம்பி வலையும் வந்தது. பூட்டு, காய்ந்த உருளைக்கிழங்கு வறுவல் கிடந்த தகரத் தட்டு, 'அமைச்சர்' என்ற பலகை எல்லாம் வந்தன. ஒரே ஒரு முறை அழுத்தினார். பிறகு முந்தைய இரண்டையும் அழித்தார்.

கெசிரோனி வந்து எட்டிப் பார்த்தார். "வலை தெரியுதே."

"இருக்கே."

"இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா, உள்ள இருக்கற உங்க நாற்பது படமும் சாயந்தரமே கீழ இறங்கும். தெரியுமில்ல?"

"தெரியும். ஜப்பான் படத்துல கண்ணாடி விரிசல் விட்டிருக்கு. இறக்கறவன் கையைக் கிழிச்சுக்கப் போறான், சொல்லி வைங்க."

கெசிரோனி கையை நீட்டினார். "கார்டைக் குடுங்க, அம்மா. பேசித் தீத்துக்கலாம்."

நாலோங்கோ கேமராவைத் திறந்து, நகமளவு இருந்த கார்டை எடுத்தார். நீட்டிய கையை ஒரு கணம் பார்த்தார். கார்டை இடுப்புப் பட்டையின் மடிப்புக்குள் செருகி, முடிச்சின் இரண்டு முனையையும் பிடித்து, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு இறுக்கினார்.