முழங்காலுக்குக் கீழே ஒரு சிவப்புக் குறி

என் வலது பாதத்துக்குப் போகவேண்டிய சரக்கு பாதி வழியில் திரும்பிவிடுகிறது என்றுதான் முதலில் நம்பினேன். பாதம் தொங்கிப்போய், பயத்தோடு இதை வாசிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எனக்கு மிளகு வியாபாரம். ஒருநாள் கிடங்குப் படியில் செருப்பு தட்டியது. முன்பாதம் எழும்பவில்லை.

பெங்களூரில் உயிரியல் ஆராய்ச்சி செய்யும் மகளுக்குப் போன் போட்டேன். டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். நான்தான் விடாமல் கிண்டினேன். நரம்பணுவின் நீண்ட இழைக்குள் சரக்கு போய்வருமாம். நுனிப்பக்கம் இழுக்க ஒரு புரதம், திருப்பி இழுக்க இன்னொன்று. அவற்றைச் சரக்கோடு பிணைக்கும் புரதத்தில் பாஸ்பேட் (பாஸ்பரஸ் அடங்கிய சிறு மூலக்கூறு) ஒட்டினால் போகும் திசையே மாறலாமாம்.

“அப்ப நம்ம சாக்குக் குறிதான்” என்றேன். எங்கள் கிடங்கில் சிவப்புக் குறியிட்ட மூட்டை கப்பலேற வெலிங்டன் தீவுக்குப் போகும். நீலக் குறியிட்டது மறுபடி புடைக்கத் திரும்பும்.

“உதாரணத்துக்குச் சரி. நீங்களே வைத்தியம் பாக்காதீங்கப்பா.”

பார்த்தேன். இனி நடக்கவே முடியாது என்ற பீதியில், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டேன். பாதத்தை நோக்கி ஓர் அம்பும் வரைந்தேன். மனைவி சரசு பார்த்துவிட்டு, “எந்தக் கப்பல்?” என்றாள்.

கடைசியில் டாக்டரிடம் போனேன். மலையாளியான டாக்டரம்மா வேட்டியை ஒதுக்கினார்.

“சேட்டா, இது எந்தா?”

“ஏற்றுமதிக் குறி.”

அந்த இடத்தில் விரலால் தட்டினார். பாதம் வரை ‘சுர்’ரென்றது.

“கடையில எப்படி இருப்பீங்க? காட்டுங்க.”

வழக்கம்போல இடதுகால்மேல் வலதுகாலைப் போட்டேன். சிவப்புக் குறி சரியாக இடது முழங்காலில் போய் அழுந்தியது.

‘ஃபுட் டிராப்’ (முன்பாதம் தொங்கிப்போதல்) என்றார். நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தைச் சோதித்தார்கள். அதிலும் அழுத்தம் அங்கேதான்.

“சரக்கு திரும்புதா டாக்டர்?”

“சரக்கு கதை எனக்கு அறியில்லா. ரோட்டுமேல நீங்கதான் உக்காந்திருக்கீங்க. எழுந்தா மதி, அது போதும்.”

பாதத்துக்குத் தாங்குபட்டை, தினமும் பயிற்சி. கப்பல் தேதியை வைத்தே நாட்களை எண்ணியவன், கால் கட்டைவிரலைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன். அதை மிரட்டியும் பார்த்தேன். நரம்பு அதன் போக்கில்தான் வந்தது. பெயிண்ட் முதலில் போயிற்று. “கப்பல் கிளம்பியாச்சா?” என்று சரசு தினமும் கேட்டாள். ஒருநாள் கட்டைவிரல் மேலே அசைந்து பதில் சொன்னது.

இப்போது படியேறும்போது செருப்பு தட்டுவதில்லை. நடந்தது இவ்வளவுதான்: காலுக்குமேல் கால் போட்டு நரம்பை அழுத்தியிருந்தேன். காலை இறக்கினேன், சரியாகிவிட்டது.